அழுத்தக்காரன்

அந்த ஒரு வாரத்தில் அழுத்தம் என்ற சொல்லை நாலு பேர் என்னிடம் சொன்னார்கள். பிரசவ டாக்டர் ஒருவர், வானிலைக்காரர் ஒருவர், கம்பெனி மேலாளர் ஒருவர், நாலாவது என் அக்கா. போதாததற்கு அந்தச் சொல் என் மேசைக்கு மேலேயும் தொங்கிக்கொண்டிருந்தது, முள் வைத்த ஒரு பெரிய வட்ட மானியின் நெற்றியில், பச்சை எழுத்தில். ஐந்தும் ஐந்து வேறு விஷயம். ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் பெயர் ததேயு. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் கயிறு பிடிக்கிற வேலை. கயிறு என்று எதுவும் கிடையாது. ஒரு நாற்காலி, ஒரு மானி, நாலு வால்வு, ஒரு மைக். ஆனாலும் அந்த நாற்காலிக்குக் கயிறு என்றுதான் பெயர். முத்துக்குளித்த காலத்தில் எங்கள் ஆட்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதிப்பார்கள். மேலே படகில் கயிறு பிடிப்பவன் மச்சானாகத்தான் இருப்பான், அதாவது மனைவியின் உடன்பிறந்தவன். தன் அக்காளையோ தங்கச்சியையோ தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. அண்ணன் தம்பியைக்கூட நம்பாத வழக்கம் அது. ஒருத்தன் செத்தால் சொத்துக்குப் பங்காளி ஒருத்தன் குறைவானே.

முத்து போனது. சங்கு போனது. பிறகு மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே முந்நூறு மீட்டர் ஆழத்தில், பேட்டரிக்கு ஆகும் கறுப்புக் கற்கள் கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். யந்திரத்தை இறக்கினால் சேறு கலங்கி மீனெல்லாம் செத்தது. தடை வந்தது. மனிதக் கையால் பொறுக்கலாம், அவ்வளவுதான் அனுமதி. ஆகவே கடலடியில் ஒரு முகாம் கட்டி, ஆட்களை ஆறு ஆறு மாதம் அங்கேயே குடிவைத்தார்கள். வேலைக்கு ஆள் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தபோது பெரியவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: மேலே மானிக்கு முன்னால் மச்சான்தான் உட்காரணும். வெளிநாட்டு எஞ்சினியர்கள் சிரித்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், உலகத்தில் எல்லா முகாமிலும் ஆள் செத்திருந்தான், எங்கள் முகாமில் மட்டும் ஒருத்தன்கூடச் சாகவில்லை. அப்புறம் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

நான் பிடித்த கயிற்றின் அடிமுனையில் இருந்தவர் கஸ்பார் கொரையா, என் அக்கா பிலோமினாவின் கணவர். எங்களுக்கு அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள், மிச்சம் ஒரு சின்னம்மாதான். பிலோ அக்காதான் என்னை வளர்த்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது, ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

கடலடிக் காற்றில் ஹீலியம் கலந்திருக்கும். பலூன் காற்றை உறிஞ்சிவிட்டுப் பேசுகிறவன் மாதிரி, கீழே இருப்பவர்கள் எல்லோருக்கும் வாத்துக் குரல். அதை மனிதக் குரலாக மாற்ற என் மேசையில் ஒரு திருத்துகருவி உண்டு. அக்கா வந்தால் முதல் வேலையாக அதை அணைக்கச் சொல்லுவாள்.

"ஏல ததேயு, அந்த மிஷினை நிறுத்துல. அது பேசுத ஆளு யாரோ. எனக்கு என் வாத்து மாப்பிள்ளைதான் வேணும்."

கீழேயிருந்து அத்தான் குவாக் குவாக் என்று என்னவோ சொல்லுவார். ஒரு எழுத்து எனக்குப் புரியாது. அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள், பதிலும் சொல்லுவாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்னல உம்முனு இருக்க? அழுத்தக்காரன்ல நீ. பல்லு வலிச்சாக்கூட கன்னம் வீங்கின பொறவுதான் வாயைத் தொறப்ப," என்பாள். பேச்சில் நாங்கள் பெரும்பாலும் பிரஷர் என்றுதான் சொல்லுவோம். ஆனால் மனசில் இருப்பதை வெளியே விடாமல் அமுக்கி வைக்கிறவனைப் பிரஷர்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கு அழுத்தம்தான்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஹருன்னிசா என்னைத் தனியே கூப்பிட்டார். காயல்பட்டினத்துக்காரர், அக்காவை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவர்.

"தம்பி, அக்காவுக்கு ரத்த அழுத்தம் ரொம்ப ஏறிருக்கு. மருந்துக்கு இறங்க மாட்டேங்குது. ரெண்டு மூணு நாள்ல பிள்ளையை எடுத்துர வேண்டியிருக்கும். வீட்டுக்காரரை வரச் சொல்லிருங்க."

"இப்ப சொன்னா வர பன்னிரண்டு நாள் ஆகும் மேடம்."

"எந்த நாட்டுல இருக்கார்?"

"நாடு என்ன நாடு. அந்தா ஜன்னல்ல தெரியுதே கடல், அதுக்கு அடியில இருக்கார்."

அவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லிஃப்ட் மாதிரி ஏதோ இருக்குன்னு சொல்வாங்களே?"

"மேல கொண்டு வர ஒரு மணி நேரம் போதும். கூண்டுல ஏத்தி, அங்க இருக்க அதே அழுத்தத்தோட மூடி, துறைமுகத்துத் தொட்டிக்குள்ள கொண்டு வந்து விட்டுருவோம். தொட்டியைத் தொறக்கத்தான் அவ்வளவு நாள். கோலி சோடா பாத்திருக்கீங்கள்ல? மூடியிருக்க வரைக்கும் உள்ள ஒரு குமிழிகூடத் தெரியாது. கோலியைத் தட்டினதும் எப்படிப் பொங்குது? அவர் ரத்தம் பூரா அந்த மாதிரி காத்து ஊறிக் கெடக்கு. கொஞ்சங் கொஞ்சமா அழுத்தத்தைக் குறைச்சு அதை வெளிய விடணும். பட்டுனு தொறந்தா ஆளு பொங்கிருவார்."

டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்கு ஏறினதை இறக்க முடியல. உங்களுக்கு இறக்கத் தெரியும், ஆனா அவசரமா இறக்க முடியாது. அப்படித்தானே?"

"அப்படித்தான் மேடம்."

"அப்ப இன்னைக்கே ஆரம்பிங்க."

அன்று மத்தியானமே வானிலை அலுவலகத்திலிருந்து இசக்கியப்பன் சார் கூப்பிட்டார். இலங்கைக்குத் தெற்கே தாழ்வழுத்தம், இரண்டு நாளில் புயலாகும், கூண்டைத் தூக்குவதானால் இன்றே தூக்குங்கள், விட்டால் பத்து நாளைக்குக் கப்பல் அங்கே நிற்க முடியாது என்றார். நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கடலுக்கு மேலே குறைந்தால் புயல். அக்காவுக்கு ஏறினால் வலிப்பு. அத்தானுக்குச் சட்டென்று குறைந்தால் சாவு. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தவன் எவன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்றுக்கும் மானி இருக்கிறது, மூன்று மானியையும் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒருத்தர் முள்ளை இன்னொருத்தர் தொட முடியாது.

இருட்டுவதற்குள் அத்தானைத் தூக்கிவிட்டோம். துறைமுகக் கொட்டகைக்குள் என் மேசைக்கு எதிரே ஒரு லாரி அளவுக்கு இரும்புத் தொட்டி. படுக்கை, கழிப்பறை, சாப்பாடு தள்ளும் சிறு பொந்து, உள்சுவரில் ஒரு சின்ன மானி, உள்ளங்கை கனத்துக்குக் கண்ணாடி போட்ட ஒரு வட்ட ஜன்னல். அக்காவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. கொட்டகை வாசலில் நின்றால் அதன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

மறுநாள் அக்கா ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போன ஆட்டோவை வழியில் திருப்பி, நேரே துறைமுகத்துக்கு விடச் சொல்லி வந்துவிட்டாள். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, வெறுங்காலோடு இறங்கினாள். புயலுக்கு முந்திய காற்று சேலையைப் பிய்த்தது. நான் திட்ட வாயெடுப்பதற்குள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கைப் பதித்து நின்றுவிட்டாள். உள்ளே அத்தானும் அப்படியே வந்து நின்றார். ஐந்து மாதத்துத் தாடி.

"என்ன கோலம் இது, முனியாண்டி மாதிரி. ததேயு, மிஷினை நிறுத்துல."

நிறுத்தினேன். அத்தான் குவாக் குவாக் என்றார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பிள்ளைக்கு வாத்துன்னுதான் பேர் வைக்கப் போறாராம்," என்று எனக்கு மொழிபெயர்த்தாள். பிறகு இரும்புச் சுவரில் விரல் முட்டியால் டொக், டொக் என்று தட்டினாள். எனக்குப் பதறிவிட்டது.

"அக்கா! மூணாவது தட்டாத!"

கயிற்றுக்கு என்று ஒரு சட்டம் உண்டு. கீழே இருப்பவன் மூன்று முறை இழுத்தால் மேலே இருப்பவன் தூக்கியே ஆகவேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, யோசிக்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் செத்தவர்கள் உண்டு என்பதால் வந்த சட்டம். இப்போது கயிறு இல்லை, சுவரில் மூன்று தட்டு; தூக்குவது என்றால் அழுத்தத்தைக் குறைத்துத் தொட்டியைத் திறப்பது. உள்ளேயிருந்து தட்டினால்தான் கணக்கு, வெளியே தட்டினால் ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும். பழக்கம், பதறிவிட்டேன்.

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். "தட்டல, தட்டல. உன் அத்தானை நீ மெதுவாவே தூக்கு. நான் எங்கேயும் ஓடிற மாட்டேன்," என்றாள். நான் அதற்கு முன் நாலு தடவை அவரை மேலே ஏற்றியிருக்கிறேன். நாலு தடவையும் இவள் வாசலில் நின்று, இன்னைக்கு எவ்வளவு குறைச்ச, ஏன் இன்னும் குறைக்கல என்று என் உயிரை வாங்கியிருக்கிறாள். விதிக்குள் எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவு வேகத்தில் முள்ளை இறக்குவேன், இவள் வாய்க்குப் பயந்து. அவள் மெதுவாகத் தூக்கச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை புயல் ராமேஸ்வரம் பக்கம் ஒதுங்கிப் போனது. இசக்கியப்பன் சார் கணித்தபடியேதான் எல்லாம் நடந்தது. அன்று காலை அக்காவுக்கு வலிப்பு வந்து, ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, கைக்கு அடங்குகிற அளவு, ஆனால் அழுதது. மைக்கில் அத்தானிடம் சொன்னேன். திருத்துகருவி வழியாக அவர் சிரித்த சிரிப்பு எனக்கு ஒட்டவில்லை, அதை அணைத்துவிட்டு வாத்துச் சிரிப்பைக் கேட்டேன்.

"அக்கா எப்படி மச்சான் இருக்கா?"

"மயக்கத்துல இருக்கா அத்தான். சாயங்காலம் முழிப்பா."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டர் மெஹருன்னிசா போன் செய்தார். மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார். என்னென்னவோ செய்து பார்த்தோம் என்றார். கடைசியில் அவரும் அழுதார். நான் போனைக் கீழே வைத்தேன். எனக்கு முன்னால் மானி இருந்தது, அழுத்தம் என்ற பச்சை எழுத்து இருந்தது. என் கை வால்வை மூடியதை நான் பார்த்தேன். முள் நின்றது. வேறு எதையும் செய்ய எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ. மைக்கில் அத்தான் குரல் வந்தது.

"மச்சான், முள்ளு நிக்குது."

"வால்வுல ஒரு சத்தம் அத்தான். பாத்துக்கிட்டிருக்கேன்."

உள்ளே கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. "பாரு, பாரு. அவசரமில்ல," என்றார்.

அன்று மாலைக்குள் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். மேலாளர் வித்யாதரன் சென்னைக்காரர், நல்ல மனிதர்தான், கைகளைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே நின்று பேசினார். "மிஸ்டர் ததேயு, எங்க மனநல ஆலோசகர் கிட்ட பேசிட்டேன். இவ்வளவு மன அழுத்தத்தை மூடின தொட்டிக்குள்ள ஒருத்தர் தாங்க மாட்டார்னு சொல்றாங்க. உள்ளே இருக்கற அவசர வால்வை அவரே திறந்துட்டா நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா சொல்றதும் சொல்லாததும் கயிறு பிடிக்கறவர் முடிவு. கம்பெனி அதுல தலையிடாது." அதாவது என்ன நடந்தாலும் என் தலையில். நான் சரி என்றேன்.

டாக்டர் நேரே கொட்டகைக்கே வந்துவிட்டார். "சொல்லிருங்க தம்பி. பெட்டியை இங்க கொண்டு வந்து அந்த ஜன்னல்ல முகத்தையாவது காட்டுங்க. அடக்கம் பண்ணிட்டா அப்புறம் அவருக்கு என்ன இருக்கு?"

"மேடம், அவர் மூணு தட்டுத் தட்டினா நான் தொட்டியைத் தொறக்கணும்."

"தொறக்காதீங்க."

"தொறக்காட்டா அது கயிறே இல்ல. நாளைக்கு எவனும் எவனையும் நம்பிக் கடலுக்குள்ள இறங்க மாட்டான். தொறந்தா அக்கா புருஷனை நானே கொன்னவனாவேன். அக்கா மெதுவாத் தூக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

"அவர் தட்டமாட்டார்னா?"

"தட்டினா?"

டாக்டர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அவருக்கு என் மேல் கோபம் இருந்தது. இன்று யோசித்தால் அந்தக் கொட்டகைக்குள் சரியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். ஆனால் அன்று எனக்கு ஒரே ஒரு எண்ணம். அத்தான் உயிரோடு வெளியே வரவேண்டும், வந்த பிறகு என்னைக் கொன்றாலும் சரி. அக்கா சொல்லுவாளே, அந்த அழுத்தம் எனக்கு அப்போது முழுசாகப் பயன்பட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கின் முன்னால் போய் உட்கார்ந்து, அக்கா இன்னும் மயக்கத்தில்தான் இருக்கிறாள், டாக்டர் பயப்பட வேண்டாம் என்கிறார் என்றேன்.

மறுநாள் மாலை நாலு மணிக்கு அடக்கம். எங்கள் மாதா கோயிலில் எப்போதும் அடக்கம் அந்த நேரந்தான். நான் தூங்கும்போது முள்ளை நிறுத்திவிட்டுத் தூங்குவேன், கயிறு பிடிப்பவன் கண்ணை மூடினால் தூக்கக் கூடாது. அதேபோல் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டுப் போய் வந்திருக்கலாம். ஆனால் பட்டப்பகலில் இரண்டாம் நாளும் முள் நின்றால் அத்தான் சந்தேகப்படுவார் என்று பயந்தேன். நான் இல்லாத நேரத்தில் எவனாவது மைக்கில் உளறிவிடுவான் என்று பயந்தேன். போகவில்லை.

மூன்று மணிக்கு மேல் அத்தானே கூப்பிட்டார்.

"மச்சான், நீ ஒரு எட்டு வெளிய போயிட்டு வாயேன். அக்காளைப் பாத்து ரெண்டு நாளாச்சுல்ல."

"இருக்கட்டும் அத்தான். சின்னம்மா கூட இருக்காங்க."

"சின்னம்மா இருந்தா? கூடப் பொறந்தவன் போற மாதிரி வருமா? முள்ளை நிறுத்திட்டுப் போ. நான் என்ன எந்திரிச்சு ஓடிறவா போறேன்?"

"பரவால்ல அத்தான்."

"சொல்லுததைக் கேளுல. போல."

அவர் என்னை அப்படி அதட்டியதே இல்லை. தொட்டிக்குள் அடைந்து கிடக்கும் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். போகவில்லை. நாலு மணிக்குக் கோயில் மணி அடித்தது. கொட்டகைக்குள் எனக்குக் கேட்டது, இரும்புக்குள் அவருக்குக் கேட்டிருக்காது. நான் வால்வைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு மணி வாக்கில் டாக்டர் வாசல் வரைக்கும் வந்து, "முடிஞ்சுது தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பொய். அக்கா கண் முழித்தாள், அக்கா கஞ்சி குடித்தாள், அக்காவுக்குப் பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "சரி மச்சான்" என்பார். சில மத்தியானங்களில் உள்ளேயிருந்து வாத்துச் சத்தம் விட்டு விட்டு வரும். திருத்துகருவியைப் போட்டாலும் அதில் சொல் எதுவும் வராது, இரைச்சல்தான் வரும்.

"என்னத்தான், தனியாச் சிரிக்கீங்க?"

"பழசு ஏதோ நெனப்பு மச்சான்."

பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியோடு ஆம்புலன்ஸில் ஏற்றிச் சின்னம்மா கொண்டு வந்து ஜன்னலில் காட்டினாள். அக்காவின் மூக்கு அப்படியே இருந்தது. அத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். தாய் ஏன் வரவில்லை என்று கேட்பார், பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ஒரு விரலைக் கண்ணாடியில் வைத்தார், அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாளில் முடியவேண்டியதை நான் பதினாலு நாளாக இழுத்தேன். ஒரு குமிழிகூட அவர் ரத்தத்தில் மிஞ்சக் கூடாது என்று முள்ளை விதியைவிட மெதுவாக இறக்கினேன். சொல்லவேண்டிய நாளைத் தள்ளிப் போட்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். கடைசி நாள் காலை பத்து மணி வாக்கில் முள் கீழே தொட்டது. கதவைத் திறந்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அவர் குனிந்து வெளியே வந்தார், நிமிர்ந்தார், மூச்சை இழுத்து விட்டார். பிறகு பதினாலு நாளில் முதல் தடவையாகச் சொந்தக் குரலில் பேசினார்.

"அக்காளை எங்க வச்சிருக்கு மச்சான்? அப்பா அம்மா பக்கத்துலயா?"

மனப்பாடம் செய்த வாக்கியம் பறந்துபோனது. யார் சொன்னது என்று கேட்டேன் போலிருக்கிறது.

"கயிறு சொல்லிச்சு. அன்னைக்கு மத்தியானம் நின்னுச்சு பாரு முள்ளு, அப்பவே எனக்குத் தெரியும். பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீ சொல்லியிருப்ப. அவளுக்குன்னாத்தான் சொல்லமாட்ட. பொறவு முள்ளு நகந்ததைப் பாத்தேன். நாலு தடவை தூக்கியிருக்க என்னை. ஒரு தடவையாவது இவ்வளவு மெதுவாத் தூக்கியிருக்கியா? அவ வாசல்ல நின்னு கத்துவா, நீ அவசரப்படுவ. இந்தத் தடவை அவசரப்படுத்த ஆளில்ல."

அப்படியானால் அந்த வாத்துச் சத்தம். நான் சிரிப்பு என்று நினைத்த சத்தம். குரலைத் திருத்தத் தெரிந்த அந்தக் கருவிக்கு அழுகையைத் திருத்தத் தெரியவில்லை. எனக்கும் அதைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. அவர் பேசிய வாத்துப் பேச்சைப் புரிந்துகொண்டவள் ஒருத்திதான்.

"தெரிஞ்சும் ஏன் அத்தான் கேக்கல? ஏன் மூணு தட்டுத் தட்டல?"

"கையைத் தூக்கினேன் மச்சான். தட்டினா நீ தொறந்திருவ. தொறந்துட்டு நீ என்ன ஆவ? பொறவு அந்தப் பிள்ளைக்கு யாரு?" அவர் கொட்டகை வாசல் வழியாக ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். "எனக்குத் தெரியும்னு சொன்னா நீ உடைஞ்சு போவ. உன் கையிலதான் என் முள்ளு இருக்கு. சரி, வெளிய வந்து பேசிக்கலாம்னு இருந்தேன்."

இரண்டு பேரும் ஒருத்தர் கண்ணில் ஒருத்தர் மண்ணைத் தூவிக்கொண்டு பதினாலு நாள் உட்கார்ந்திருந்திருக்கிறோம், நடுவில் ஒரு இரும்புச் சுவரை வைத்துக்கொண்டு. அக்கா இருந்தால் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் திட்டியிருப்பாள். அவள் என்னை அழுத்தக்காரன் என்றாளே, தன் வீட்டுக்காரரைப் பற்றி அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

கல்லறைக்கு நடந்தே போனோம். பதினாலு நாள் உட்கார்ந்த கால் அவருக்குத் தடுமாறியது, என் தோளைப் பிடித்துக்கொண்டார். மண் இன்னும் கறுப்பாக, ஈரமாக இருந்தது. சிலுவைக்கு மரம்தான், கல் இன்னும் வரவில்லை. அவர் முட்டி போட்டு ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார்.

"சாமியாருக்குப் பொறவு வீட்டாளு பிடி மண்ணு யார் போட்டா மச்சான்?"

சின்னம்மா ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு இருந்துவிட்டாள். வேறு ரத்த சொந்தம் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? தெருவே கூடி நின்று, வீட்டாள் வரட்டும் என்று குழியைச் சுற்றிக் காத்திருந்ததாம். யாரும் வரவில்லை என்றதும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஒரு அம்மா முன்னால் வந்தார்களாம். இதெல்லாம் எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

"டாக்டரம்மா போட்டாங்க அத்தான்."

அவர் தலையை ஆட்டினார். கையில் இருந்த மண்ணை மெதுவாக உதிர்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அதுக்குத்தானே மச்சான் அன்னைக்கு உன்னைப் போ போன்னு விரட்டினேன். எனக்குத்தான் கதவு பூட்டியிருந்துச்சு. உனக்குத் தொறந்துதானே இருந்துச்சு."